பெண் பிள்ளைகளின் குழுவில் சேவைத் திட்டம்: வழிநடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாரணியர் குழுவோ, பள்ளிப் பெண்களுக்கான மன்றமோ, வார இறுதியில் கூடும் ஒரு சின்ன வட்டமோ, பெண் பிள்ளைகளைத் தன்னார்வமாக வழிநடத்தும் எல்லோரும் ஒருநாள் சேவைத் திட்டத்தில் வந்து நிற்பார்கள். புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பழைய தலைவிகள் தரும் பதில்கள் அப்படி இல்லை. அவர்களுக்குள் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது, நான் எந்தப் பக்கம் என்பதை இங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் உதவிக்கும் சேவைத் திட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

பசித்தவருக்கு உணவுப் பொட்டலம் கொடுப்பது உதவி. இன்றைய தேவை இன்றே தீர்கிறது, நாளை அதே தேவை மறுபடி வரும். அந்தப் பகுதியில் யாருக்கு, எந்த நேரத்தில் உணவு கிடைக்காமல் போகிறது என்று விசாரித்து, மிச்சமாகும் உணவை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் ஏற்பாடு செய்து, நீங்கள் விலகிய பிறகும் அது நடக்கும்படி விட்டுவந்தால் அது திட்டம். அமெரிக்காவின் சாரணியர் அமைப்பான கேர்ள் ஸ்கவுட்ஸ் இந்த இரண்டையும் தனித்தனிப் பெயரில் அழைக்கிறது. அங்கே உயர் விருதுகளுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும்.

இதில் தலைவிகளிடையே ஒரு வாதம் உண்டு. ஏழு வயதுப் பிள்ளையிடம் போய் வேர்க் காரணம், நிலைத்த தீர்வு என்று பேசினால் அவளுக்கு என்ன புரியும் என்பார்கள் சிலர். நியாயமான கேள்விதான். ஆனால் “இது ஏன் இப்படி இருக்கிறது?” என்று கேட்பதில் ஏழு வயதுக்காரியை மிஞ்ச ஆளில்லை. தீர்வை அவளிடம் எதிர்பார்க்க வேண்டாம், அந்தக் கேள்வியை மட்டும் அடக்கிவிடாதீர்கள். ஒரு நாள் உதவியை மட்டமாகப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. பிற்காலத்தில் பெரிய திட்டம் நடத்தும் பிள்ளைகளில் பலர் ஒருநாள் உதவியில்தான் தொடங்குகிறார்கள்.

எந்த வயதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஐந்து முதல் ஏழு வயது வரை, ஒரே அமர்வில் முடிந்து, முடிந்ததும் கண்ணில் தெரிகிற வேலை போதும். எட்டு, ஒன்பது வயதில் இரண்டு மூன்று கூட்டங்களுக்கு ஒரு விஷயத்தைப் பிடித்துவைக்க முடியும். அதற்கு மேல் பிள்ளைகளின் பொறுமை நம் கணிப்பைவிட அதிகம்.

அளவு தெரிய வேண்டுமென்றால் கேர்ள் ஸ்கவுட்ஸின் மூன்று விருதுகளைப் பாருங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து செய்யும் வெண்கல விருதுக்கு 20 மணி நேரம் பரிந்துரை. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கான வெள்ளி விருதுக்கு 50. தனியாகவோ சின்னக் குழுவாகவோ செய்யலாம். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புக்கான தங்க விருதுக்கு 80 மணி நேரம், அதை ஒவ்வொருத்தியும் தன் பெயரில் தனியாக நடத்த வேண்டும். குழுவிலிருந்து தனியாளுக்கு நகரும் அந்த வரிசையைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். முதலில் கூட்டத்தோடு செய்து பழகி, பிறகு தன் சொந்த யோசனைக்கு மற்றவர்களைத் திரட்டுகிறாள். நம் குழுவில் விருதே இல்லாவிட்டாலும் இந்த வரிசையைப் பின்பற்றலாம்.

திட்டத்தை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்? தலைவியா, பிள்ளைகளா?

பிள்ளைகள். மற்ற பதில்களில் நான் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதிய கட்டுரையில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடியில் உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்குப் பிள்ளைகளை ஆட்டுவிப்பது, விழாவில் அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஒருத்தியை மேடையில் உட்காரவைப்பது ஆகியவை அந்த மூன்று. சேவைத் திட்டம் என்ற பெயரில் நடப்பவற்றை இந்த ஏணியில் பொருத்திப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். ஒரே நிறச் சட்டை, கையில் பதாகை, அதில் யாரோ எழுதிக் கொடுத்த வாசகம். என்ன எழுதியிருக்கிறது என்று பதாகையைப் பிடித்திருக்கும் பிள்ளையிடம் கேட்டால் திருப்பிப் பார்த்துப் படித்துச் சொல்வாள். அது அலங்காரப் படி.

ஏணியின் உச்சியில் ஹார்ட் வைத்தது, பிள்ளைகள் தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கும் நிலை. பெரியவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். “பிள்ளைகளே முடிவு செய்யட்டும்” என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பது வழிநடத்துவது ஆகாது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, பிள்ளையின் கருத்துக்கு அவளுடைய வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தரச் சொல்கிறது. கருத்தைக் கேட்டால் மட்டும் போதாது, அதற்கு எடை இருக்க வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதலில் பிள்ளைகளோடு ஒரு சுற்று நடந்துவாருங்கள். எங்கே நடக்கப் பயமாக இருக்கிறது, எங்கே உட்கார இடமில்லை, யார் தனியாக இருக்கிறார்கள் என்று அவர்களே குறித்துக்கொள்ளட்டும். கண்டதை எல்லாம் சுவரில் ஒட்டி, மூன்றாகக் குறைத்து, அந்த மூன்றைப் பற்றியும் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அப்புறம்தான் வாக்கு. வாக்கைக் கையைத் தூக்கி எடுக்காதீர்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள். கை தூக்கச் சொன்னால் குழுவில் சத்தமாகப் பேசும் இரண்டு பேரின் முடிவே எல்லோருடைய முடிவாகிவிடும்.

உங்கள் எல்லைகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கையில் உள்ள பணம், போகக்கூடிய தூரம், எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதெல்லாம் வாக்குக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாக்கெடுத்து முடித்த பிறகு “அது முடியாது” என்று சொல்லும் தலைவியிடம் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

எல்லாக் குழுக்களும் நாய், பூனை என்றே தொடங்குகின்றன. சரி என்று விட்டுவிடலாமா?

தாராளமாக. பிள்ளைகளுக்கு உண்மையாகவே அதில் அக்கறை இருக்கிறது, அந்த அக்கறைதான் கடைசிவரை இழுத்துப்போகும். விலங்குக் காப்பகத்துக்குப் போய் “உங்களுக்கு என்ன தேவை?” என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். பழைய துண்டும், பாத்திரம் கழுவ ஆளும் வேண்டும் என்று பதில் வரலாம். நாய்க்குட்டியைக் கொஞ்ச நினைத்து வந்தவர்கள் பாத்திரம் கழுவ ஒப்புக்கொள்கிற இடத்தில் சேவை தொடங்குகிறது.

பெண் பிள்ளைகள் என்றாலே சமையல், தையல், சுத்தம் செய்தல், முதியோரைப் பார்த்தல் என்று போகிறதே?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும்.

பராமரிப்பு வேலை மதிப்புள்ளது, அதைக் குறைத்துப் பேசவே கூடாது. ஆனால் வீட்டில் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு, குழுவுக்கு வந்தும் அதையே கொடுத்தால், அவளுக்கு நாம் புதிதாக என்ன திறந்துவிட்டோம்? பெண்களுக்கென்று தனியாக ஒரு குழு இருப்பதன் காரணங்களில் ஒன்று, பக்கத்தில் ஒரு பையன் வந்து துளையிடும் இயந்திரத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ள மாட்டான் என்பது. அந்த வசதியை வைத்துக்கொண்டு வாழ்த்து அட்டை மட்டும் செய்தால் எப்படி?

சாரணியர் இயக்கம் தொடங்கிய விதத்தையும் பாருங்கள். 1909-இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு, அழைக்கப்படாத பெண்கள் தாங்களே சீருடை ஏற்பாடு செய்து போட்டுக்கொண்டு வந்து நின்று, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் தலைமையில் கேர்ள் கைட்ஸ் உருவானது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் உளவு அமைப்பான எம்.ஐ.5 தன் அலுவலகத்தில் ரகசியக் கடிதங்களைக் கொண்டுசெல்ல முதலில் சாரணச் சிறுவர்களை வைத்துப் பார்த்தது. அவர்கள் சரிப்பட்டு வரவில்லை என்று, 1915-இல் அந்த வேலையைக் கைட்ஸ் பெண்களிடம் கொடுத்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் அவர்கள். அமெரிக்காவில் ஜூலியட் கார்டன் லோ 1912-இல் சவானா நகரில் தொடங்கிய கேர்ள் ஸ்கவுட்ஸின் ஆரம்பகாலப் பேட்ஜுகளிலேயே மின்வேலை இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த இடத்தை இப்போது சுருக்கிவிடக் கூடாது.

நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளியது. இந்தத் திட்டத்தில் பிள்ளைகள் ஒரு கருவியைக் கையாளுகிறார்களா, ஒரு கணக்குப் போடுகிறார்களா, அதிகாரமுள்ள ஒருவரிடம் போய்ப் பேசுகிறார்களா? மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். முதியோர் இல்லத்துக்குப் போவது என்று முடிவானாலும் இதைச் சேர்க்க வழி உண்டு. கைப்பிடி இல்லாத படிக்கட்டை அளந்து, செலவு கணக்கிட்டு, நிர்வாகியிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அனுமதியும் உடனிருக்கத் தெரிந்த ஆளும் கிடைத்தால் தாங்களே பொருத்தலாம். பாட்டுப் பாடிவிட்டும் வரலாம், தப்பில்லை.

குழந்தைகள் இல்லத்துக்கு ஒருநாள் போய்வரலாமா?

என் கருத்து, வேண்டாம். அங்கே இருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே பலரைப் பிரிந்து வந்தவர்கள். ஒரு மதியம் வந்து விளையாடி, படம் எடுத்து, திரும்பி வராமல் போகும் அந்நியர்கள் அவர்களுக்கு நன்மை செய்வதில்லை என்று குழந்தைகள் நலத்தில் வேலை செய்பவர்கள் எச்சரிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது தவறான பாடம்: தன் வயதுள்ள ஒருத்தியைப் பரிதாபத்தோடு பார்க்கப் பழகிவிடுவார்கள். இல்லத்துக்கு என்ன தேவை என்று கேட்டு வெளியிலிருந்து செய்யலாம். அல்லது அங்குள்ள பெண்களையும் நம் குழுவில் உறுப்பினராகச் சேர்க்கலாம். இதைத்தான் நான் மிகவும் விரும்புவேன்.

முதியோர் இல்லம் வேறு. அங்கே தொடர்ந்து போவதாக இருந்தால் நல்லது. மாதம் ஒருமுறை, அதே பிள்ளை அதே பாட்டியிடம்.

சுத்தம் செய்வது, மரம் நடுவது இதெல்லாம் பயன் உள்ளதா?

மரம் நட்ட பிறகு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதற்குப் பெயரோடு பதில் இருந்தால் நடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே நட்டுக் காய்ந்துகொண்டிருப்பதைக் காப்பாற்றுங்கள்.

குப்பை பொறுக்குவதை வெறுமனே செய்யாமல் எண்ணிச் செய்தால் அதன் தன்மையே மாறிவிடும். இன்று உலகம் முழுக்க நடக்கும் கடற்கரைத் துப்புரவு 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியபோது, பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் தன்னார்வலர்கள் அட்டையில் குறித்தார்கள். என்ன பொருள், எத்தனை என்று கையில் இருந்ததால் அது யார் கேட்டாலும் காட்டக்கூடிய சான்றாயிற்று. உங்கள் பிள்ளைகளும் மூன்று முறை ஒரே இடத்தில் எண்ணிப் பார்த்தால், அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதும்.

மணிக்கணக்கு வைக்க வேண்டுமா?

தலைவிகள் இரண்டு கட்சியாகப் பிரியும் இடம் இது. கணக்கு வைத்தால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், சேவை கடமையாகிவிடுகிறது என்பது ஒரு கட்சி. கணக்கில்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள், விண்ணப்பத்துக்கும் சான்றிதழுக்கும் கணக்கு தேவை என்பது இன்னொன்று.

நான் கணக்கு வைக்கச் சொல்வேன், வேறு காரணத்துக்காக. கூடிப் பேசியது, கடிதம் எழுதியது, ஒருவரைச் சந்திக்கக் காத்திருந்தது எல்லாம் வேலைதான் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். குழுவில் எப்போதும் ஒருத்தி சத்தமில்லாமல் இதையெல்லாம் செய்துகொண்டிருப்பாள், படத்தில் அவள் இருக்க மாட்டாள். குறிப்பேட்டில் அவள் பெயர் இருக்கும். கேர்ள் ஸ்கவுட்ஸும் 20, 50, 80 என்ற எண்களைப் பரிந்துரையாகத்தான் வைத்திருக்கிறது. மணி நிறைந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று ஆகாது. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் மணியை நிரப்ப இழுக்கவும் வேண்டாம்.

பெற்றோரே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

தடுக்கப் பார்த்தால் சண்டை வரும். வேறு வேலை கொடுங்கள். வண்டி ஓட்டுவது, கனமானதைத் தூக்குவது, பாதுகாப்புக்கு நிற்பது என்று பெற்றோருக்கு என்றே ஒரு பட்டியல் போட்டு முதல் நாளே கொடுத்துவிடுங்கள். தொலைபேசியில் பேசுவது, அனுமதி கேட்பது, கணக்கு எழுதுவது மூன்றும் பிள்ளைகளுடையது என்று அதிலேயே எழுதுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்து திக்கித்திணறிப் பேசும்போது பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போனைப் பிடுங்கத் தோன்றும். அந்த இரண்டு நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்ன பேச வேண்டும் என்று முன்னாலேயே ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னால் திணறல் பாதி குறையும்.

பெரியவர் செய்தால் பலகை நேராக இருக்கும், எழுத்து அழகாக இருக்கும். கொஞ்சம் கோணலான பலகையைப் பிள்ளைகள் தாங்களே மாட்டியிருந்தால் எனக்கு அது போதும்.

பணம் திரட்டிக் கொடுப்பது சேவையா?

சேவைதான், ஆனால் அதோடு நிறுத்திவிடுவது எளிதாகிவிடுகிறது. சில அமைப்புகளில் விதியும் உண்டு: கேர்ள் ஸ்கவுட்ஸில் பிள்ளைகள் வேறொரு அமைப்புக்காக நிதி வசூலிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தங்கள் குழு சம்பாதித்த பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்க அவர்களே முடிவு செய்யலாம். உங்கள் அமைப்பின் விதியை முதலில் படியுங்கள். விதி இல்லையென்றாலும் வரவு செலவை இரண்டு பிள்ளைகள் எழுதி எல்லோர் முன்பும் வாசிக்கட்டும்.

படம் எடுத்துப் போடலாமா?

வேலையை எடுங்கள். உதவி பெறுபவரின் முகத்தை எடுக்காதீர்கள். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதியும் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் வேண்டும்.

ஒருத்திக்கு விருப்பமே இல்லை. கட்டாயப்படுத்தலாமா?

முதலில் ஏன் என்று தனியாகக் கேளுங்கள். சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உணவு விநியோகத்துக்கு வரமாட்டேன் என்பவளின் வீடே அந்த உணவை வாங்கும் வீடாக இருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயப்படலாம். கொடுப்பவர்கள் நாம், வாங்குபவர்கள் வேறு யாரோ என்று குழுவில் பேசும்போதெல்லாம் அவள் சுருங்கிப்போவாள். அதனால் “ஏழைகளுக்கு உதவுவோம்” என்ற பேச்சையே நான் தவிர்க்கிறேன். “இந்த இடத்தில் இது சரியில்லை, சேர்ந்து சரிசெய்வோம்” என்றால் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கலாம்.

காரணம் கேட்டும் விருப்பமில்லை என்றால் பின்னணியில் வேலை கொடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழுவை விட்டு மட்டும் போகச் சொல்லாதீர்கள்.

பாதியில் தோற்றுவிட்டால்?

அனுமதி கிடைக்காது, ஆள் வரமாட்டார்கள், மழை பெய்யும். தலைவி உள்ளே புகுந்து இரவோடு இரவாகக் காப்பாற்றிவிட வேண்டாம். என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் எழுதி, நம்மை நம்பிக் காத்திருந்தவர்களிடம் அவர்களே போய்ச் சொல்லட்டும். கடினமான காரியம்தான், உடன் போய் நில்லுங்கள். அதைச் செய்து முடித்த குழு அடுத்த திட்டத்தில் வாக்குறுதி கொடுப்பதற்கு முன் யோசிக்கும்.

நகராட்சியிடம் கோரிக்கை வைப்பது அரசியல் ஆகிவிடாதா?

கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு, தெருவிளக்கு கேட்பது வேறு. முதலாவது கூடாது. இரண்டாவதைப் பிள்ளைகள் கட்டாயம் கற்க வேண்டும்.

தலைவிக்கே களைப்பாகிவிடுகிறது. வருஷத்துக்கு எத்தனை திட்டம்?

ஒன்று போதும். வேலை, வீடு எல்லாவற்றுக்கும் நடுவில் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறீர்கள். மாதம் ஒரு சேவை என்று அட்டவணை போட்ட குழுக்களில் தலைவி அலைந்து திரிவாள், பிள்ளைகள் வந்து நின்றுவிட்டுப் போவார்கள். குழுவோடு எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும் என்பது பல அமைப்புகளில் பாதுகாப்பு விதி. அந்த இரண்டாவது ஆளிடம் பாதிப் பொறுப்பையும் கொடுங்கள்.

முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்றுதான் வரும். எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாய், யாருக்கு உண்மையில் பயன்பட்டது, யாருக்குப் படவில்லை, மறுபடி செய்தால் எதை மாற்றுவாய் என்று கேளுங்கள். நம் உதவியைப் பெற்றவர்களையும் இதே கேள்விகளோடு சந்திக்க வேண்டும், சந்திப்பது பிள்ளைகளாக இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை அந்த இடத்துக்குப் போக ஒரு தேதியை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அலமாரி இன்னும் நிற்கிறதா, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டுமே.